சனிக்கிழமை படம் உண்டு

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

மத்தியானம் உங்கள் தம்பி ஆட்களோடு எங்கள் சினிமாக் கூடத்துக்கு வந்தான். “எங்க முதலாளியோட ஆலைத் தீயைப் படமாப் போடுவீங்களா? கூடத்தை ஆளோட சேர்த்துக் கொளுத்திடுவேன், அண்ணி!” என்று கத்திக்கொண்டே திரையைக் கத்தியால் கிழித்தான். தடுத்த ஆபரேட்டரின் கையை முறித்துவிட்டார்கள். நான் கையில் கிடைத்த இரும்புக் கம்பியால் உங்கள் தம்பி மண்டையில் போட்டேன். தையல் போட்டிருக்கிறார்களாம். எனக்கு வருத்தமில்லை.

“ஒரு படத்துக்காக எதுக்கு வீண் வம்பு?” என்று நேற்று நீங்கள் கேட்டதுதான் இன்னும் வலிக்கிறது.

திரையைத் தைக்கப் போகிறேன்.

பி.கு: அவன் வந்து அழுதாலும் கதவைத் திறக்காதீர்கள். என்னிடம் சாவி இருக்கிறது.

இன்னொன்று: சனிக்கிழமை ஆறு மணிக்கு அதே ஆலைத் தீப் படம். ஞாயிறு, குழந்தைகள் படம். வந்தால் என் பக்கத்தில் உட்காருங்கள். வராவிட்டாலும் படம் ஓடும்.