நாத்தனார் கையெழுத்து

சின்ன காஞ்சிபுரம்
11.5.1997

அன்புள்ள அம்சாவுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் ஹாஸ்டலில் உன்னோடு இருக்கும் பெண்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. செருப்புக் கம்பெனியில் கை தேய்ந்துவிட்டதா, இல்லை பாசம் தேய்ந்துவிட்டதா?

ஒரு செய்தி. நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஆற்காட்டுப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிப் பள்ளி. மூன்று வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். கல்யாணம் ஆனவர்களைச் சேர்ப்பதில்லை. ஆனால் விதவைக்கும் புருஷன் கைவிட்டவளுக்கும் என்று இரண்டு இடம் தனியாக வைத்திருக்கிறார்கள்.

உன் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் போய் மூன்று வருஷம். நான் கூரத்தில் உங்கள் வீட்டை விட்டு வந்து இந்த நர்சிங் ஹோமில் சேர்ந்து ஒரு வருஷம். ஊசி போடுவதும் நான், டிரிப் ஏற்றுவதும் நான். பேஷண்ட் எதிரில் டாக்டர் என்னை சிஸ்டர் என்பார். சம்பளம் கொடுக்கிற அன்றைக்கு ஆயா என்பார். அதுகூடப் போகட்டும். முறையாகப் படிக்காமல் அடுத்தவர் நரம்பில் ஊசி ஏற்றுகிறோமே என்று ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கிறது. அந்தப் பயம் போக வேண்டும்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கைவிடப்பட்டவள் என்று வி.ஏ.ஓ. எழுதித் தர வேண்டும். புருஷன் வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் எழுதுவேன் என்கிறார். மாமாவிடம் போய்க் கேட்டேன். "எம் புள்ள துபாய்ல இருக்குறான்னு ஊரே சொல்லிக்கினு இருக்குது. ஓடிப்பூட்டான்னு நானே எழுதிக் குடுக்கணுமா?" என்றார். அத்தை பர்மா பஜாரில் சோப்பும் பேரீச்சம்பழமும் வாங்கி வந்து, மகன் அனுப்பியதாகத் தெரு முழுக்கக் கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கும் ஒரு சோப்பு வந்தது. நல்ல வாசனை.

நீ அவர்களோடு சண்டைக்குப் போகாதே. சொல்ல வேறு ஆள் இல்லாததால் எழுதினேன்.

அன்புடன்,
பூங்காவனம்

&nbsp;

பல்லாவரம்
17.5.1997

அன்புள்ள அண்ணிக்கு,

அம்சவேணி வணக்கம். எழுதாததற்குத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே ஒரு நாள் முழுக்க ஷூ ஓரத்தில் பசை தடவிவிட்டு வந்தால் பேனாவைப் பிடிக்கவே அருவருப்பாக இருக்கிறது.

நர்ஸ் வேலைக்கு உங்களைவிட யார் பொருத்தம்? எனக்கு டைபாய்டு வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு காலனிக்காரப் பெண் இருந்தாள். அவளுக்குத் துணை இல்லை. எனக்கு பெட்பேன் வைத்த கையோடு அவளுக்கும் வைத்தீர்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் உங்களைப் பின்பக்கமே நிற்க வைத்துத் தலையோடு குளிக்கச் சொன்னாள். நீங்கள் குளித்தீர்கள். மறுநாள் போய் மறுபடியும் அவளுக்கு வைத்தீர்கள். ஜுரத்தில் கிடந்தாலும் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு முதல் எனக்குச் சாமி படம் எல்லாம் இரண்டாம்பட்சம்.

கையெழுத்தை நான் போடுகிறேன். நானும் புருஷன் வீட்டு ஆள்தானே. எனக்கு இருபது வயசு, ஓட்டுகூடப் போட்டாகிவிட்டது.

இப்படிக்கு,
அம்சா

&nbsp;

சின்ன காஞ்சிபுரம்
3.6.1997

அன்புள்ள அம்சா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஆனால் நீ கையெழுத்துப் போட வேண்டாம். உனக்கு வாலாஜாபாத்தில் பேசி முடித்திருப்பதே துபாய் அண்ணன் பெயரைச் சொல்லித்தான். அந்தப் பையன் பரமசிவத்தைப் பற்றிப் பேசும்போது உன் குரல் மாறுவதை நான் கவனிக்காமல் இல்லை. என் படிப்புக்காக உன் கல்யாணம் கெடக் கூடாது.

இன்டர்வியூ முடிந்தது. எடை குறைவாக இருந்தால் திருப்பி அனுப்புவார்களாம். பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் தின்று, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போய் நின்றேன். எடை பார்த்த அம்மாள் முள்ளையும் பார்த்தார், என் வயிற்றையும் பார்த்தார். "பாத்ரூம் அந்தப் பக்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

பள்ளித் தலைவி வயதானவர், கண்டிப்பானவர். "நாளைக்கே உன் புருஷன் வந்து கூப்பிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். இப்படிப் பாதியில் போனவர்கள் நிறைய பேராம். "கூப்பிடட்டும் மேடம், அப்போ பாத்துக்கலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. சான்றிதழை ஜூன் கடைசிக்குள் அனுப்பச் சொன்னார்கள். இடம் உண்டா இல்லையா என்பது அதற்குப் பிறகு தபாலில் வருமாம்.

உன்,
அண்ணி

&nbsp;

பல்லாவரம்
17.6.1997

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் வேண்டாம் என்றீர்கள். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூரம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சான்றிதழை நேற்றே பள்ளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது.

வி.ஏ.ஓ. என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, கூடப்பொறந்த அண்ணனப் பத்தி இப்படி எழுதறியே, யோசிச்சியா?" என்றார். "எழுதறதுக்கு முன்னாடியே அவன் ஓடிட்டான் சார், நான் இன்னா பண்றது?" என்றேன். அதற்குள் அப்பாவுக்குச் சேதி போய், மடித்துக் கட்டின வேட்டியோடு வந்து நின்றார்.

"கட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணு நீ. குடும்ப மானத்தச் சந்தியில வக்கிறியே."

"மானம் இருந்தா மூணு வருசத்துல ஒரு நாள் அவனத் தேடிக்கினு போயிருப்பியேப்பா. சோப்புதான வாங்கின."

அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. வி.ஏ.ஓ. எதிரில் என்பதால் இருக்கலாம்.

எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? ஓடிப்போனவன் பெயர் கெடக் கூடாதாம். விட்டுப் போகப்பட்டவள் மட்டும் பொட்டு வைத்துக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, யாரோ துபாய்க்காரன் பெண்டாட்டியாக நடிக்க வேண்டுமாம். நீங்கள் நடிக்கவில்லை. அதனால்தான் உங்களைக் கண்டால் அவர்களுக்குப் பயம்.

தபால் வந்தால் உடனே எழுதுங்கள்.

அம்சா

&nbsp;

சின்ன காஞ்சிபுரம்
4.7.1997

அன்புள்ள அம்சா,

நீ செய்ததற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதற்குள் வேறு ஒன்று நடந்துவிட்டது. உன் அண்ணன் வந்திருக்கிறார்.

நேற்றுக் காலை தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். அந்தப் பட்டு நூலுக்கு அடியில் குனிந்து ஒருவர் பெட்டியோடு வருகிறார், பின்னால் அத்தை. புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வந்து, "துபாய்ல வெயில் எப்படி இருக்குது தம்பி?" என்று கேட்டார். "நம்ம ஊரு மாரிதான், சாயங்காலம் மழை பேஞ்சுடும்" என்றார் உன் அண்ணன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அத்தை அழுதார். "புருசன் வந்துட்டான், இன்னாத்துக்கு இன்னும் அடுத்தவங்க மூத்திரம் அள்ளிக்கினு? கெளம்பு." உன் அண்ணன், "நான் செஞ்சது தப்புதான் பூங்கா" என்றார். எங்கே இருந்தார் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

பள்ளியிலிருந்து இன்னும் தபால் வரவில்லை. அவரோடு போனால் அந்த இடம் எனக்கு இல்லை. போகாமல் இருந்து, தபாலும் வராவிட்டால், இரண்டும் இல்லை. மூன்று வருஷம் இவர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டதும் நான்தான் அம்சா. அவருடைய தங்கையிடம் கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்கிறேன். என்ன செய்ய?

பூங்காவனம்

&nbsp;

பல்லாவரம்
5.7.1997

அண்ணி,

இதைக் காஞ்சிபுரம் போகிற தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பினால் ஞாயிறு தாண்டிவிடும்.

அண்ணன் உங்களிடம் வருவதற்கு முன்பே என் கம்பெனி கேட்டுக்கு வந்தான். அப்பா எழுதிப் போட்டிருந்தாராம். அவன் இருக்கும் இடம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். டீக்கடையில் உட்கார்ந்து என்னிடம் இரண்டு கேள்வி கேட்டான். நர்ஸ் படிப்பு எத்தனை வருஷம். முடித்தால் வெளிநாட்டு வேலை கிடைக்குமா. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பான் என்று டீ ஆறும்வரை காத்திருந்தேன். கேட்கவில்லை.

போ என்றோ போகாதே என்றோ நான் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

வாலாஜாபாத் சம்பந்தம் முறிந்துவிட்டது. பொய் சொன்ன அப்பாவை அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையாம். சொந்த அண்ணனுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவள் நாளைக்கு எங்களுக்கு எதிராகவும் போடுவாள் என்றார்களாம். போடுவேன்தான். பரமசிவம் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டு அழுதேன். இப்போது அழவில்லை. இதற்காக நீங்கள் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அம்சா

&nbsp;

சின்ன காஞ்சிபுரம்
7.7.1997

அன்புள்ள அம்சாவுக்கு,

நேற்று வந்தார். உட்கார ஸ்டூல் போட்டு, காபி கொடுத்தேன். "ஒன் பெட்டி எங்க?" என்றார்.

"நான் வரலைங்க."

"அப்ப அந்த எடம் கெடச்சிருச்சா?"

"தெரியாது. இன்னும் தபால் வரல."

"கெடைக்காமப் போனா?"

"அடுத்த வருசம் போடுவேன்."

அவர் சிரித்தார். "புருசன் வந்தப்பறம் கைவிட்டவன்னு எவன் எழுதித் தருவான்?" என்றார். அது நியாயமான கேள்விதான். காபி டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

பிறகு உட்கார்ந்து பள்ளித் தலைவிக்கு எழுதினேன். என் புருஷன் திரும்பி வந்தார், கூப்பிட்டார், நான் போகவில்லை, இனிமேல் என்னைக் கைவிடப்பட்டவள் என்று சொல்வது சரியாக இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நீ கையெழுத்துப் போட்ட காகிதம் அங்கே இருக்கிறது அம்சா. அதில் ஒரு பொய் சேரக் கூடாது.

உன் கல்யாணம் நின்றது என்னால்தான்.

அண்ணி

&nbsp;

பல்லாவரம்
11.7.1997

அண்ணி,

அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று இரண்டு நாள் கோபமாக இருந்தேன். எழுதாமல் இருந்தால் அது நீங்களா என்று யோசித்தேன். கோபம் போய்விட்டது. தபால் வந்ததா?

அம்சா

&nbsp;

நர்சிங் மாணவியர் விடுதி
9.8.1997

அன்புள்ள அம்சா,

வந்து சேர்ந்தேன். நீ அனுப்பிய கறுப்பு ஷூ கச்சிதமாக இருக்கிறது. அதன் ஓரத்தில் பசை தடவியது நீயாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே போட்டுக்கொண்டேன்.

பள்ளித் தலைவியைப் பார்த்தேன். என் கடிதம் அவர் மேஜையில் இருந்தது. "புருஷன் போன தேதியில் எனக்கு அக்கறை இல்லை. வந்தவனோடு நீ போகவில்லை. மூன்று வருஷம் இருப்பாய் என்று தெரிந்துவிட்டது" என்றார். அன்றைக்கும் சிரிக்கவில்லை.

முதல் வாரம் முழுக்கக் கட்டில் போடவும் கை கழுவவும்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு வருஷமாக நான் கையைக் கழுவியதே தப்பாம். சந்தோஷமாக இருக்கிறது.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு பார்வையாளர் நாள். சொந்தக்காரர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். என்ன உறவு என்று வாட்ச்மேன் கேட்பார். நாத்தனார் என்று சொல். புருஷனே வேண்டாம் என்று வந்தவளுக்கு நாத்தனார் எங்கிருந்து வந்தாள் என்று கேட்டால், அங்கேயே நின்று என்னைக் கூப்பிடச் சொல். நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

உன்,
அண்ணி