உன் கெப்புக்கு நான் எடுத்த டயர்

மச்சான்,

பாலாவியிலிருந்து ஆலங்குடா வரைக்கும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டி வந்தேன். அப்படியும் அந்த வாசனை போகவில்லை. கெப்பின் பின் பெட்டியில் சாமான் நிறைந்திருந்ததால் புது டயர்களில் இரண்டைப் பின் சீட்டில் ஏற்றியிருந்தேன். வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட உட்கார்ந்த பிறகும் சோற்றில் ரப்பர் மணத்தது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. எங்கே அனுப்புவது என்று கேட்காதே.

உனக்கு அந்த வாசனை என்றால் உயிர். டயர்க் கடைக்குள் நுழைந்தால் முதலாளிக்கு ஸலாம் சொல்வதற்கு முன்பே குனிந்து மோந்து பார்ப்பாய். பிறகு பெருவிரல் நகத்தை டயரின் பக்கவாட்டில் அழுத்துவாய். நகம் பதிந்து உடனே மறைந்தால் நல்லது. பிறகு போனின் வெளிச்சத்தை அடித்து, எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று சொல்லும் அந்த நான்கு இலக்கத்தைத் தேடுவாய். "டயரும் மீனும் ஒண்டு மச்சான். பழசு எண்டா பளபளப்பா வச்சித்தான் விப்பானுகள்" என்று சொல்வாய். முதலாளிக்குக் கேட்கிற மாதிரித்தான் சொல்வாய். அவரும் சிரிப்பார். நான் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் வெளியே போ என்றிருப்பார்.

உன்மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ இருந்த காலம் முழுக்க இருந்தது. நீ போய்ச் சேர்ந்தால் அதுவும் போய்விடும் என்று நினைத்தேன். உன் ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தபோது, அல்லாஹ் மன்னிக்கட்டும், எனக்கு இதில் பாதியாவது வருமா என்று எண்ணிப் பார்த்தவன் நான். சந்தூக்கைத் தோளில் சுமந்துகொண்டே எண்ணினேன்.

நாம் இருவரும் ஒரே வருஷத்தில்தானே கெப் வாங்கினோம். இருவருடையதும் நான்கு சில்லும் இழுக்கிற, பின்னால் திறந்த பெட்டி வைத்த டபுள் கெப். முதலில் கரையிலிருந்து மீன் ஏற்றினோம். காற்றுப் பருவத்தில் பட்டத்தைப் பிடித்துத் தண்ணீரில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியதும், அவர்களையும் அவர்களுடைய பட்டம், பலகைகளையும் ஹோட்டல்களிலிருந்து கடல்மணல் வழியே, கடல் உள்ளே புகுந்து கிடக்கும் களப்புக்குக் கொண்டு போய் இறக்கினோம். வண்டியில் வித்தியாசம் இல்லை. ஓட்டத்திலும் இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் ஹோட்டல்காரன் முதலில் உனக்குத்தான் போன் எடுப்பான். "அவர்ட வண்டி மணல்ல புதையாது" என்று ஒரு பேச்சு. அந்த நான்கு சில்லிலும் நீ எந்த டயரைப் போட்டிருக்கிறாய் என்று பார்ப்பதுதான் எனக்கு வேலை.

பார்த்தவன் பார்த்தபடி வாங்கினால் போதாதா? உன்னை விஞ்ச வேண்டும் எனக்கு. நீ சாதாரண டயரில் ஓடிய காலத்தில், புத்தளத்துக்குப் போய்ப் பெரிய பெரிய பல் வைத்த சேற்று டயர் எடுத்து வந்தேன். பார்த்தவனெல்லாம் வாயைப் பிளந்தான். மணலில் இறங்கினால் அந்தப் பல் மண்வெட்டி மாதிரி வேலை செய்தது. மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமானது. தார் ரோட்டில் அது போட்ட இரைச்சலில் என் மனைவி முன் சீட்டில் உட்கார மறுத்துவிட்டாள். அடுத்த வருஷம் நீ ஏ.ரி. டயர் போட்டாய். ரோட்டுக்கும் மணலுக்கும் களப்போரச் சேற்றுக்கும் ஓரளவு பொருந்துகிற, நடுத்தரப் பல் உள்ள டயர். நானும் அதே டயரை எடுத்தேன். எடுத்தவன் ஒரு சைஸ் கூட்டி எடுத்தேன். வண்டி உன்னுடையதைவிட இரண்டு விரல் உயரமாக நின்றது. அந்த இரண்டு விரலுக்காக, பாரம் ஏற்றி வளைக்கும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரசி, கடைசியில் மட்கார்டை வெட்டிவிட வேண்டியதாயிற்று.

அந்த உயரமான வண்டியோடுதான் களப்போரம் புதைந்தேன். பின் பெட்டியில் மூன்று வெள்ளைக்காரப் பெண்கள். நான் மிதிக்க, மணல் பறக்க, அவர்கள் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ வந்தாய். கயிற்றைக் கட்டினாய். ஒரே இழுவையில் வெளியே எடுத்துவிட்டு, என் முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாய்.

"காத்தக் கொஞ்சம் எறக்கு மச்சான். டயர் பரந்து குந்தினாத்தான் மணல் தாங்கும்."

"என்ட வண்டி, என்ட காத்து" என்றேன்.

"ஓம், ஒன்ட காத்துதான். ரோட்டுக்கு ஏறினா திருப்பி அடிச்சிக்க" என்றாய். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். அன்றைக்குக் காற்றை இறக்காமலேயே திரும்பிப் போனேன். வழியில் இன்னொரு தரம் புதைந்ததை உன்னிடம் சொல்லவில்லை. சில்லுக்கு அடியில் பலகையை அண்டக் கொடுத்து, அந்தப் பெண்களையே தள்ளவைத்து வெளியேறினேன்.

பிறகு உனக்கு நெஞ்சு வலி வந்தது. சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. உன் கெப் உன் வாசலில் தார்ப்பாய் மூடி நின்றது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனம் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் ஹோட்டல்காரன் முதலில் எனக்குப் போன் எடுக்கத் தொடங்கியிருந்தான். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் இருந்தன. எதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன கிழமை உன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. உன் மனைவி, நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவை முடித்து வெளியே வந்திருந்தார். முன் விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"நானா, சிலாபத்துல லொறி ஓட்டின என்ட தம்பி வந்து இரிக்கான். கெப்ப அவன் ஓட்டப் போறான். டயர் நாலும் தேஞ்சி போச்சி. நீங்கதான் எடுத்துத் தரணும்."

"எனக்கு என்ன தெரியும்? அவருக்குத்தானே டயர்ட கதை எல்லாம் தெரியும்" என்றேன்.

அவர் லேசாகச் சிரித்தார். "அவரு விடிய சுபஹு தொழுதிட்டு நேரா கடக்கரைக்குத்தான் போவாரு. நீங்க ஓட்டின தடத்தப் பாக்க. எங்க புதைஞ்சிரிக்கி, எங்க பல்லு கிண்டியிரிக்கி எண்டு பாத்திட்டு வந்துதான் தனக்கு டயர் எடுக்கிற. 'மச்சான் வாங்கிப் பாக்கட்டும், பொறகு நான் வாங்குவேன்' எண்டு சொல்லுவாரு."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

"டயர் எண்டா ஆருக்கிட்ட கேக்கணும் எண்டு ஒரு நாள் கேட்டேன். ஒங்கட பேரத்தான் சொன்னாரு. 'அவன் எல்லாப் பிழையும் விட்டு முடிச்சிட்டான். இனி அவன்ட்ட மிச்சம் இருக்கிறது சரி மட்டும்தான்' எண்டாரு."

இது புகழ்ச்சியா, ஏச்சா? வீட்டுக்கு வரும்வரை யோசித்தேன், பிடிபடவில்லை. இத்தனை வருஷம் நான் உன் டயரை ஒளிந்து பார்த்தேன். நீயோ என் தடத்தை வெளிச்சமாகவே போய்ப் பார்த்திருக்கிறாய். என் மட்கார்ட் வெட்டுப்பட்டதும் உனக்குப் பாடம். என் மனைவி சீட்டில் உட்கார மறுத்ததும் பாடம். நான் விழுந்த குழிகளையெல்லாம் எண்ணி வைத்து, அவற்றைச் சுற்றிக்கொண்டு போனவனைத்தான் ஊர் கெட்டிக்காரன் என்றது. அன்றைக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தில், நீ இல்லை என்பதையே கொஞ்ச நேரம் மறந்திருந்தேன். உன்னோடு சண்டை பிடிக்க ஆசையாக இருந்தது.

இன்றைக்குப் பாலாவிக் கடைக்குப் போனேன். உன் கெப்புக்கு மட்டுமல்ல, என்னுடையதற்கும் டயர் வேண்டும். என் டயரிலும் பல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. காற்றுப் பருவம் தொடங்குகிறது. குனிந்து மோந்து பார்த்தேன், நகத்தை அழுத்தினேன், போன் வெளிச்சத்தை அடித்து இலக்கத்தைத் தேடினேன். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் பார்க்கிறார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நம் இருவரின் கெப்புக்கும் பொருந்துகிற சைஸில் நல்ல ஏ.ரி. டயர் ஒரே ஒரு செட்தான் இருந்தது. மற்ற செட் பல வருஷம் கடையில் கிடந்தது. பல்லின் அடியில் மயிர் போல வெடிப்பு ஓடியிருந்தது. புதுச் சரக்கு அடுத்த கப்பலுக்குத்தான் வரும் என்றார்.

நல்ல செட்டை எனக்கு எடுத்துக்கொண்டு, வெடித்ததை உன் வீட்டுக்கு இறக்கினால் யாருக்குத் தெரியும்? உன் மைத்துனன் லொறிக்காரன். மணல் அவனுக்குப் புதிது. ஓட்டத் தெரியாமல் புதைத்துவிட்டான் என்பார்கள். இந்தப் பருவம் என்னுடையது. இதை நினைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். கடை வாசல் வாங்கில் உட்கார்ந்து, ஒரு பிளேன்டி குடித்து முடிக்கும்வரை நினைத்தேன்.

பிறகு மீதியும் தெரிந்தது. உன் கெப் புதைந்தால் கரையில் நிற்கிறவன் என்ன சொல்வான்? "அவர் இருந்திரிந்தா இந்த வண்டி புதையுமா?" என்பான். ஹோட்டல்காரன் சொல்வான், மீன்காரன் சொல்வான், என் மனைவியும் சொல்வாள். ஒவ்வொரு தரம் புதையும்போதும் உன் பேர் ஒரு சாண் வளரும். செத்தும் என்னை ஓட விடமாட்டாய். எழுந்து போய் நல்ல செட்டை உன் கெப்புக்கென்று ஏற்றச் சொன்னேன். என் தேய்ந்த டயரிலேயே, அடுத்த கப்பல் வரும் என்று நம்பி, மெதுவாக ஓட்டி வந்தேன். காரணம் அது மட்டும்தானா என்று நீ கேட்பாய். கேள்.

இந்த இடத்தில் மடலை நிறுத்தி வைத்து ஐந்து நாளாகிறது. இப்போது மீதியை எழுதுகிறேன். உன் கெப் ஓடத் தொடங்கிவிட்டது. ஹோட்டல்காரன் முதல் போனை உன் மைத்துனனுக்குத்தான் எடுக்கிறான். மணலில் இறங்கும் முன் நானும் இப்போது காற்றை இறக்குகிறேன். யாரும் பார்க்காத பனைமறைவில் நிறுத்தித்தான்.

இன்று விடிய சுபஹு தொழுதுவிட்டுக் கால் தானாகக் கடற்கரைக்குப் போனது. உன் வண்டியின் தடம் களப்பு வரைக்கும் கிடந்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஓரிடத்திலும் கிண்டவில்லை. பல் சீராகப் பதிந்து, அகலமாக, நேராகப் போயிருந்தது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறேன் மச்சான். வயிறு எரிகிறது.