வினோஜன் கொடுத்த முத்திரை

மேற்பிரிவு லயம்,
நோர்வூட்.
16.01.2025

என் மகள் பிரேமினிக்கு,

அந்தக் குளிரிலும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். இங்கே மழை விட்டுப் பனி கொட்டுகிறது, தேயிலைக் கொழுந்து கருகுகிறது, எனக்கு முழங்கால் வலி. மற்றபடி நன்றாக இருக்கிறேன். போனில் கேட்க வேண்டியதைக் கடுதாசியில் கேட்கிறேன். சுவரோடு சுவர் ஒட்டிய இந்த லயத்தில் போன் பேசினால் ஆறு வீட்டுக்கும் கேட்கும், உனக்குத் தெரியாததா?

தம்பி வந்து ஒன்பது நாளாகிறது. சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். "லீவாடா?" என்று கேட்டேன். "வேலை முடிஞ்சிருச்சும்மா" என்றான். விமானத்துக்குச் சாமான் செய்கிற கம்பெனியில் வேலை எப்படியடி முடியும்? ஊர் உலகமெல்லாம் நடந்து போக ஆரம்பித்துவிட்டதா?

தட்டில் சோற்றைப் பாதி வைத்துவிட்டு எழும்புகிறான். பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா சும்மா கேலியாக, "என்னடா வினோஜா, வெள்ளைக்காரன் சோறு போடலையா?" என்றாள். அதற்கே முகம் கறுத்து வெளியே போய்விட்டான். உன் பேச்சை எடுத்தால் காது கேட்காதவன் மாதிரி இருக்கிறான்.

நீ அங்கே இஞ்சினியர். அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் நீதான். நடந்ததை உள்ளபடி எழுது. நீ பேசினால் அவனைத் திரும்ப எடுப்பார்களா? அவனுக்குப் பேசிவைத்த வட்டவளைப் பிரியந்தியின் வீட்டார் மாசியில் தட்டு மாற்ற வருகிறார்கள். வேலை இல்லாத மாப்பிள்ளை என்று தெரிந்தால் வாசற்படி மிதிப்பார்களா?

உன் பதிலுக்குப் பார்த்திருக்கும்
அம்மா


இங்கிலாந்து
02.02.2025

அன்புள்ள அம்மா,

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். இரவில் தேய்த்துவிட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு படுங்கள்.

தம்பி சொல்லாததை நான் சொல்கிறேன். கோபப்படாமல் கடைசிவரை வாசியுங்கள்.

நாங்கள் செய்வது விமான எஞ்சினுக்குள் போகும் சின்ன உலோகத் துண்டுகள். உங்கள் சுண்டுவிரல் அளவுதான். ஒரு தலைமுடியின் பாதிப் பருமன் கூடினாலும் கழித்துப் போட்டுவிடுவோம். நாள் முழுக்கக் குறை தேடுவதுதான் என் வேலை. நேற்றுச் சரியாக வந்த துண்டு இன்று ஏன் பிசகியது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வேன். கடைசியில் யாரோ கதவைத் திறந்து வைத்து, குளிர்காற்று பட்டதுதான் காரணமாக இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் விடாது. பஸ்ஸில் ஏறினால் இருக்கையின் திருகாணி ஆடுகிறதா என்று கை தானாகப் போகிறது.

துண்டுகளை அளந்து பார்ப்பது தம்பியின் வேலை. அளந்தவர் தன் முத்திரையைக் காகிதத்தில் குத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். இருபது வருஷம் கழித்து ஒரு விமானம் விழுந்தாலும் அந்த எண்ணை வைத்து ஆளைத் தேடுவார்கள். அதை அடுத்தவர் கையில் கொடுக்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள்.

அவன் கொடுத்தான். டெரிக் என்று ஒரு வயசாளி. கண் பரிசோதனையில் தவறியதால், புதுக் கண்ணாடி வரும்வரை அவருடைய முத்திரையை வாங்கி வைத்துவிட்டார்கள். வேலை போய்விடும் என்று அவர் அழுதாராம். இவன் தன்னுடையதைக் கொடுத்து, "பிடிங்க, வைச்சு வேலையப் பாருங்க" என்றிருக்கிறான்.

கண்டுபிடித்தது நான். தம்பியின் எண் நாற்பத்து மூன்று துண்டுகளின் காகிதங்களில், வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி என்ற நேரத்தோடு குத்தப்பட்டிருந்தது. அந்த இரண்டு மணிக்கு அவன் என் எதிரில் உட்கார்ந்து என் பிறந்தநாள் கேக்கைத் தின்றுகொண்டிருந்தான்.

நான்தான் ரிப்போர்ட் எழுதினேன் அம்மா. அந்த விமானங்களில் ஏறுகிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே?

அன்பு மகள்
பிரேமினி


நோர்வூட்
20.02.2025

பிரேமினி,

உன் தைலத்தை ராக்காயி அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன்.

அவள் யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ என் வயிற்றில் எட்டு மாதம். மலையில் குனிய முடியவில்லை. நிறுவையில் நாலு கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். அவள் தன் கூடையிலிருந்து கொழுந்தை அள்ளி என் சாக்கில் போட்டாள். "சத்தம் போடாம நில்லு சீதா" என்றாள். கணக்கப்பிள்ளை பார்த்தும் பாராதது மாதிரி தராசைத் திருப்பினார். இந்த மலையில் ஒருத்திக்குக் குறைந்தால் அடுத்தவள் போடுவாள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன். கண் தெரியாத மனுஷன் அழுதால் வேறு என்ன செய்வான்? நீயும் அந்தக் கொழுந்தில் வளர்ந்தவள்தானே, பாவி!

வட்டவளையிலிருந்து யாரும் வரவில்லை. பிரியந்தியின் மாமா கடைத்தெருவில் நின்று, "வெளிநாட்டுல தொரத்திவிட்டவனுக்கா நாங்க பொண்ணு குடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். இப்போது உன் தம்பி முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடிக்கப் போகிறான். வந்து முகம் கழுவினாலும் அந்த நாற்றம் போவதில்லை.

இரண்டு கேட்கிறேன், பதில் எழுது. அந்த நாற்பத்து மூன்றும் கெட்டுப்போன துண்டுகளா? அந்த டெரிக் என்ன ஆனார்?

முத்திரையை அவன் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார் என்று கம்பெனிக்கு எழுது. உன்னால் முடியும்.

அம்மா


இங்கிலாந்து
09.03.2025

அம்மா,

நீங்கள் சொன்னதை எழுத முடியாது. அது பொய்.

கேட்டதற்குப் பதில். நாற்பத்து மூன்றையும் நானே மறுபடி அளந்தேன். ஒன்றில்கூடக் குறையில்லை. டெரிக் பழைய கண்ணாடியை வைத்துக்கொண்டே ஒழுங்காக அளந்திருக்கிறார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் கொடுத்தார்கள். போன மாதம் ஓய்வு பெற்றார். விருந்து வைத்தார்கள். வாழ்த்து அட்டையில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்களிடம் மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "முதல் தடவை, துண்டுகளிலும் குறையில்லை. உங்கள் தம்பிக்கும் எச்சரிக்கை போதும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

போதாது என்று சொன்னேன்.

தம்பியைக் காப்பாற்றினாள் என்று ஒருவர் வாயிலும் வரக்கூடாது என்று நினைத்தேன். அடுத்த மாதம் பிரிவுத் தலைவர் பதவிக்கு ஆள் எடுக்க இருந்தார்கள். அதுவும் மனதில் இருந்தது. இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அந்தப் பதவி எனக்குக் கிடைத்துவிட்டது. அன்றைக்குத் தம்பி கதவுக்கு வெளியேதான் நின்றான். நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கும்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு அந்த வீட்டை விட்டால் வேறு வீடு இல்லை அம்மா. வா என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

பிரேமினி


நோர்வூட்
28.03.2025

பிரேமினிக்கு,

உன் கடிதத்தைத் தம்பியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும்மா. அக்காவும் அங்க தனியாத்தானே கெடந்து மாரடிக்கிறாங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மருந்து டாங்கியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

போன செவ்வாய்க்கிழமை தனி வீட்டுக் காணிக்குப் பதிய ஆபீசிலிருந்து ஒரு மிஸ் வந்தார். லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச் நிலத்தில் வீடு கட்டித் தரப் போகிறார்களாம். எனக்குப் பிறகு யாருக்கு என்று எழுத வேண்டும். "ஒங்களுக்குப் பிள்ளைங்க எத்தன பேரும்மா?" என்று கேட்டார்.

"ஒரு மகன்" என்றேன்.

வினோஜன் பதறிப்போய், "இல்ல மிஸ், ரெண்டு பேரு. அக்கா வெளிநாட்டுல இருக்காங்க" என்றான். அந்த மிஸ் பேனையை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் எத எழுத?" என்றார். உன் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பாவம்மா, அக்காவையும் போடுங்கம்மா" என்று கெஞ்சினான். அத்தனை சனத்துக்கு முன்னால், கண்ணில் தண்ணீரோடு.

நான் மகனை மட்டும் எழுதச் சொன்னேன். கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அவன் உன்னை மன்னித்துவிட்டான், அவன் மனசு அப்படி. எனக்கு அந்த மனசு இல்லை. நீ என் மாதிரி என்று ராக்காயி அக்கா சொல்கிறாள். இருக்கலாம்.

சித்திரைக்கு வர வேண்டாம். நீ வந்து கதவைத் தட்டினால் திறக்க அவன் எழும்புவான். நான் அவனை எழும்ப விடமாட்டேன்.

சீதாலெட்சுமி