களத்து மேடு

ஆகஸ்ட் 29

பால் ஊற்றிவிட்டு வருவதற்குள் தம்பி வெற்றிவேல் வீட்டு வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள். நாளைக்குக் கிரகப்பிரவேசம். பாகம் பிரித்தபோது களத்து மேடு அவனுக்கு, அதை ஒட்டிய பள்ளம் எனக்கு. அவன் மேட்டின் மேல் இன்னும் மண் கொட்டி ஆள் உயரம் ஏற்றி, சுற்றிலும் சுவர் எழுப்பிவிட்டான். மனை புரோக்கர் ஆனதிலிருந்து அவன் கால் தரையில் பாவுவதில்லை. "தண்ணி பூரா என் கொட்டகைக்குத்தானேடா வரும்?" என்று கேட்டேன். "ஆத்த ஆழப்படுத்திக்கினு கீறாங்கக்கா. இனிமே வராது" என்றான். பெரிய இன்ஜினியர்!

ஆகஸ்ட் 30

புது வீட்டுக்குள் முதலில் மாடு நுழைய வேண்டுமே! என் மல்லியைக் கன்றோடு ஓட்டிப் போனேன். நடு ஹாலில் சாணி போட்டாள். நல்ல சகுனம் என்றார் ஐயர். தம்பி பெண்டாட்டி கீதா பல்லைக் கடித்துச் சிரித்தபடி பினாயில் பாட்டிலைத் தேடினாள். எனக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று.

அக்டோபர் 21

மழை. கொட்டகையில் கணுக்கால் தண்ணீர். மல்லி இரவெல்லாம் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். அவர் போன பிறகு எனக்குச் சோறு போடுவது இந்த ஒரு மாடுதான். அவளுக்குக் குளம்பில் புண் வந்தால் நான் யாரிடம் போய் நிற்பது?

டிசம்பர் 3

விடியும்போதே அடையாறு கரையை மீறிவிட்டது. மணிமங்கலம் ஏரி நிரம்பி வழிகிறதாம். கொட்டகையில் முழங்கால் தண்ணீர், பார்க்கப் பார்க்க இடுப்புக்கு வந்தது.

வெள்ளம் வந்தால் எங்கள் ஊரில் முதல் வேலை கயிற்றை அவிழ்ப்பது. மாடுகள் தாமாகக் களத்து மேட்டில் போய் நின்றுகொள்ளும், வடிந்ததும் ஓட்டி வருவோம். இன்றைக்கும் அவிழ்த்துவிட்டேன். மல்லியும் கன்றும் நேராக மேட்டைப் பார்த்துத்தான் போயின. தம்பி வீடுதானே, பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். கீழ்த்தெரு அருள்மேரி, "யக்கா, வந்துடு, மாடிக்குப் போயிரலாம்" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அவள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தம்பியின் கேட் தெரிந்தது. மூடியிருந்தது. இரண்டும் அதன் முன்னால் தண்ணீரில் நின்றன. போன் செய்தேன். "தோ, தொறக்கிறேன்க்கா" என்றான். திறந்தான், அவன் மனை விற்ற லேஅவுட்டிலிருந்து மேடு தேடி வந்த ஷ்யாம்சுந்தர் சாருடைய காருக்கு. காரின் பின்னாலேயே மல்லி நுழையப் பார்த்தாள். கீதா குடைக் கம்பியால் அவள் முகத்தில் குத்தினாள். கேட் மறுபடி மூடிக்கொண்டது.

திரும்பப் போன் செய்தபோது கீதா எடுத்தாள். "அண்ணி, இன்னும் ரெண்டு கார் வருது. டைல்ஸ்ல மாடு வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? அதுக்கு நீந்தத் தெரியாதா இன்னா?"

டிசம்பர் 4

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. கன்று முதலில் போயிற்று. வெள்ளம் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. அதைப் பார்த்துத் திரும்பும்போது மல்லியின் கொம்பு கேட் கம்பியில் மாட்டிக்கொண்டது. கத்தினாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. அப்புறமும் கத்தினாள். குதிக்கப் போன என்னை அருள்மேரி கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பால்கனியிலதான்டா நின்னுக்கினு இருந்த! நாலு படி எறங்கி வந்து கம்பிய நெம்பியிருந்தா ஆவாதா? கூடப் பொறந்தவனாடா நீ? அவ பால்லதானே உன் புள்ளைங்க வளந்துது?

டிசம்பர் 7

வடிந்துவிட்டது. மல்லி கேட்டுக்குக் குறுக்கே ஊதிப்போய்க் கிடந்தாள். உள்ளே இருந்த கார்கள் வெளியே வர முடியவில்லை. தம்பி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா, சாருங்க ஆபீஸ் போவணும். உன் மாடு, நீதான் ஆள வச்சு எடுக்கணும்."

செருப்பைக் கழற்றினேன். ஓடிவிட்டான். சாயங்காலம் ஜேசிபி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. நான் போய்ப் பார்க்கவில்லை.

டிசம்பர் 10

இன்னும் அருள்மேரி வீட்டில்தான் இருக்கிறேன். அவள் புடவை, அவள் கஞ்சி. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுப் புருஷனும் அவளும் ஈரத் தரையில் படுக்கிறார்கள்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். எழுந்திருக்கவில்லை.

மார்ச் 11

தம்பி வந்தான். வாசலிலேயே நின்று அழுதான். அழட்டும் என்று விட்டேன். ஊரில் யாரும் அவன் வீட்டுப் பக்கம் போவதில்லையாம், மனை விஷயமாகவும் அவனிடம் பேச வருவதில்லையாம். அதற்குத்தான் அழுகை. "ஒரு நல்ல மாடா வாங்கித் தர்றேன்க்கா. நாலு பேருக்கு முன்னால எங்கிட்ட பேசு, போதும்" என்றான்.

மாட்டை வாங்கி எங்கே கட்டுவது? அந்தப் பள்ளத்திலா? அடுத்த மழையில் அதுவும் மிதக்க, நான் மாடியில் நின்று பார்க்கவா?

"மாடு அப்புறம் இருக்கட்டும். முதல்ல மண்ணு குடு. உன் வூடு எம்மாம் உசரமோ, அம்மாம் உசரம் ஏத்திக் குடு" என்றேன். சரி என்றான். மாரியம்மன் கோயில் வாசலில், எல்லாரும் பார்க்க, அவனிடம் பேசினேன். நாக்கு கசந்தது.

ஏப்ரல் 22

காலையிலிருந்து லாரிகள் வருகின்றன. பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. புது மாடும் கொட்டகையும் உயரத்தில் நிற்கும், வெள்ளம் தொடாது. மனசுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மத்தியானம் அருள்மேரி வந்தாள். மண்ணைப் பார்த்தாள், தன் தெருவைத் திரும்பிப் பார்த்தாள்.

"யக்கா, இத்தினி நாளா தண்ணி உன் பள்ளத்துல நின்னுட்டுத்தான் எங்க தெருவுக்கு வந்துது. இனிமே நேரா எங்க வூட்டுக்குள்ளதானே பூரும்?"

தலை குனிந்து துடைப்பத்தால் மண்ணை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

போதுமாம்மா என்று டிரைவர் கேட்டார். கீழ்த்தெருப் பக்கம் சரிகிறது, அங்கே இன்னும் ஒரு லோடு கொட்டச் சொன்னேன்.