கவர்னர் உட்காராத நாற்காலி

மாப்ளே, உன் நாற்காலியைப் பார்த்துவிட்டேன். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வெள்ளைக்காரன் வீட்டை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். என் அண்ணன் மகளுக்கு அங்கே வேலை. சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனேன். வாசல் கூடத்திலேயே, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். தோல் புதுசு. ஆனால் வலது கைப்பிடியில் என் சைக்கிள் சாவி கீறிய கோடு அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு பலகை. அண்ணன் மகள் படித்துச் சொன்னாள். பிரெஞ்சு கவர்னர் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்ட நாற்காலியாம்.

என் பொய்யைப் பித்தளையில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

லாஸ்பேட்டையில் உன் சலூனுக்குக் கோர்ட் அமீன் வந்த காலையில், நான் பாதி முகம் சோப்பு நுரையோடு அதில்தான் உட்கார்ந்திருந்தேன். வாடகை பாக்கிக்காகக் கடைச் சொந்தக்காரர் கோர்ட்டில் ஜெயித்து, ஜப்தி உத்தரவு வாங்கியிருந்தார். நீ மிரண்டுபோய் என்னைப் பார்த்தாய்.

"நான் இருக்கேன் மாப்ள. ஐகோர்ட்டையே பாத்தவன் நானு" என்றேன். பார்த்தது வாஸ்தவம். பஸ் ஜன்னல் வழியாக, வெளிச்சுவரை.

அமீன் நல்ல மனுஷன். கத்தி, கத்தரி, கண்ணாடியைத் தொடவில்லை. மின்விசிறி, ரேடியோவை எழுதிவிட்டு நாற்காலியிடம் வந்தார். "இது உங்க தொழில் சாமான்தானே?" என்று உன்னைத்தான் கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் குதித்து எழுந்தேன்.

"தொழில் சாமானா? என்னா சார் இப்டி கேட்டுட்டீங்க! பிரெஞ்சு கவர்னர் உக்காந்து ஷேவ் பண்ண சேர் சார். எங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்தப்ப கப்பல்ல வந்துது. தொட்டீங்கன்னா பிரான்சுலேர்ந்து லெட்டர் வரும்!"

பயந்து ஓடுவார் என்று நினைத்தேன். அவர் உன்னிடம் திரும்பினார். "அப்டியாங்க?"

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாய். அவர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார்.

ஏலத்துக்குத் தமுக்கு அடித்தார்கள். கவர்னர் நாற்காலி என்று கேள்விப்பட்டுப் பழைய சாமான் வியாபாரிகள் போட்டி போட்டு வந்தார்கள். எல்லாம் முடிந்ததும் அமீன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தொழில் செய்றவரோட கருவிய ஜப்தி பண்ணக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. ஆமான்னு ஒரு வார்த்த வந்திருந்தா உட்டுட்டுப் போயிருப்பேன். அதுக்குத்தாங்க கேட்டேன்."

ஊரில் எதை எதையோ அளந்த நான் இதை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், குந்தியிருப்பவர்களுக்குக் குனிந்து குனிந்து முடிவெட்டினாய். முதுகு போயிற்று. போன வருஷம் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட, "அன்னிக்கு எனக்காகப் பேசுனது நீ ஒருத்தன்தான் மாமா" என்றாய். நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டே தலையாட்டினேன். "அந்தக் கவர்னர் கதைய இன்னொரு வாட்டி சொல்லு" என்றாய்.

சொன்னேன். கப்பலை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கிச் சொன்னேன்.

ஓட்டலில் கைப்பிடியைத் தடவியபோது காவலாளி ஓடிவந்தான். "பெருசு, தொடாதீங்க. கவர்னர் உக்காந்தது."

"கவர்னரும் இல்ல, ஒருத்தனும் இல்ல தம்பி. லாஸ்பேட்டைல என் சிநேகிதன் பொழப்பு நடத்துன சேரு இது. கவர்னர் கதைய நான்தான் கட்டி உட்டேன்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நல்லாத்தான் உடறீங்க கத!" அண்ணன் மகளும் சேர்ந்து சிரித்தாள்.

அமீன் கேட்ட கேள்வி இன்னும் என்னிடமேதான் இருக்கிறது, மாப்ளே. நடந்து போகும்போதெல்லாம் வாய்க்குள் பதில் சொல்லிக்கொண்டே போகிறேன்.

ஆமாம் சார். அது அவன் தொழில் சாமான்.