சுவரிலிருந்து பிய்த்த படம்

அம்மாவுக்கு, உமா கும்பிட்டு எழுதுறது. மூட்டுவலி தேவலையா? நான் சுகமாத்தான் இருக்கேன்.

செம்பூர்ல ஜிம்முக்குப் போறேன். இளைக்கதுக்கு இல்லம்மா. குர்லா ஸ்டேஷன்ல ரயிலை விட்டு இறங்கவிடாம கூட்டம் என்னை உள்ள தள்ளுது. நானும் தள்ளிட்டு இறங்கணும், அதுக்குத்தான். நேத்து பாத்தா, அந்த ஜிம் மாஸ்டர் என்னைக் கேக்காமலே, சேந்தன்னைக்கு எடுத்த என் படத்தைச் சுவர்ல ஒட்டி, 'இளைக்கதுக்கு முன்னாடி'ன்னு இந்தியில எழுதி வச்சிருக்கான். சீ! சந்தை மாடா நான்? முன்னன்னா அழுதுருப்பேன். எல்லார் முன்னாலயும் பிச்செடுத்துட்டேன். நாளைக்கும் அங்கதான் போவேன்.

அப்பா சட்டை ரெண்டு அனுப்பு, வேர்வைக்கு ஆகும். துவைக்க வேண்டாம், அப்பா வாசம் போயிரும், அப்படியே அனுப்பு.

ரயிலுக்கு நேரமாச்சு. அந்தப் படத்தை இதுக்குள்ள வச்சிருக்கேன். நல்லாத்தாம்மா இருக்கேன் அதுல. நம்ம வீட்டுச் சுவர்ல ஒட்டிரு.

உமாமகேஸ்வரி