மடங்காத கத்தி

8 நவம்பர் 1971, திங்கள்

அப்பாவின் அவசரப் பை என் தலைமாட்டு ஆணியில் தொங்குகிறது. அதில் இருக்கும் டார்ச்சை எடுத்துத்தான் கொசுவலைக்குள் இதை எழுதுகிறேன். வாரம் ஒரு தடவை அதை எரித்துப் பார்ப்பார். "பேட்டரி எப்படிடி மங்குச்சு?" என்று போன வாரம் கேட்டார். தெரியாது என்றேன்.

பையில் பிஸ்கட் டின், நைலான் கயிறு, விசில், பிளாஸ்டிக் உறைக்குள் எங்கள் மூன்று பேரின் பிறப்புப் பத்திரம். கத்திதான் இல்லை. "மடக்குக் கத்தி வேணாம். மடங்காதது. பிடி வரைக்கும் ஒரே இரும்பா இருக்கணும்." சாப்பிடும்போதும் இதே பேச்சு.

ஜனவரி வெள்ளத்தில் ஒரே ஒரு தெப்பம் இருந்தது. பக்கத்து வீட்டு விஜயன் மாமா பீப்பாய்களை வைத்துக் கட்டியது. எங்கள் வீட்டுத் தூணில் கட்டிக் கிடந்தது. தண்ணீர் ஏற ஏற முடிச்சு இறுகிவிட்டது. அப்பா மடக்குக் கத்தியால் அறுத்தார். கத்தி மடங்கி அவர் விரல் மேலேயே விழுந்தது. அதற்குள் மாமா பாராங் வெட்டுக்கத்தியால் ஒரே வெட்டு வெட்டி, அத்தையையும் மகள் மீனலோசனியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். "இதோ வரேன்" என்றார். நான்கு மணி நேரம் நாங்கள் தகரக் கூரைமேல் இருந்தோம். அந்தப் பாராங் எங்களுடையது. முந்தின நாள் இரவல் வாங்கிப் போனது.

திரும்பி வந்தாரே என்று அம்மா சொல்லக் கூடாது. மாமா அவளுடைய சொந்தத் தம்பியானாலும் சொல்லக் கூடாது. அப்பாவின் இரண்டு விரல் இன்னும் மடங்குவதில்லை. ரயில்வே பட்டறையில் அவரைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

10 நவம்பர், புதன்

சாயங்காலம் வேலி ஓரம் நின்று அப்பா சொன்னார்: "இந்தத் தடவ கயிற மட்டும் வெட்டிட்டு நிக்க மாட்டேன், விஜயன்."

மாமா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையில் இருந்த சட்டை கீழே விழுந்தது.

11 நவம்பர், வியாழன்

தூக்கம் வரவில்லை. கத்தி எதற்கு? கயிற்றுக்கா, மாமாவுக்கா?

13 நவம்பர், சனி

கத்தி வாங்க அப்பா என்னையே அனுப்பினார். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ஜெய்னுலாபுதீன் நானாவின் சாமான் கடை பள்ளிக்கூடம் போகும் வழி என்பதால்.

நானா இரண்டு கத்திகளைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். ஒன்று கறுப்பாக, அசிங்கமாக இருந்தது. பிடியின் கடைசி வரைக்கும் இரும்பு ஓடுகிறது. இரண்டு பக்கமும் மரம், மூன்று ஆணி. இன்னொன்று பளபளப்பு. வழவழவென்று பிடி.

"மினுக்குறத பாக்காத. இதுல இரும்பு பிடிக்குள்ள ரெண்டு விரக்கடதான் போகுது. மிச்சம் அரக்கு. நாலு தட்டு தட்டுனா கழண்டுரும். வெள்ளத்துக்குன்னா கறுப்ப எடு லா."

"பளபளப்பே போதும், நானா."

"ஒங்கப்பா கன்னையாவா கேட்டாரு?"

"ஆமா."

"அவரு வந்து எங்கிட்ட சண்ட போட்டா நான் ஒன்னதான் கூப்புடுவேன்."

நாலு தட்டில் கழன்றுவிடும் கத்தி. எனக்கு வேண்டியது அதுதான்.

வீட்டில் அப்பா கையை நீட்டினார். அம்மா அவசரமாக, "கையில குடுக்காத, கீழ வை" என்றாள். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வருமாம். இந்த வீட்டில் இனிமேல்தான் வர வேண்டுமா?

14 நவம்பர், ஞாயிறு



காலையில் அப்பா கத்தியை விறகுமேல் வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினார். மூன்றாவது தட்டிலேயே அலகு விறகில் நின்றுவிட்டது. பிடி மட்டும் அவர் கையில்.

"துலுக்கன் ஏமாத்திட்டான். சின்னப் புள்ளன்னு ஏமாத்திட்டான்." சைக்கிளை எடுத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன் — நானாவை அடித்தே விடுவார். சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நானா வேணாம்னுதான் சொன்னாரு. நாந்தான் கேட்டு வாங்குனேன்."

"ஏன்?"

"நீங்க மாமாவ குத்திருவீங்க."

"என்ன சொன்ன?"

திரும்பவும் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாமா சவர சோப்பு முகத்தோடு நின்றிருந்தார். அவருக்கும் கேட்டது. அத்தை அவரை உள்ளே இழுத்தாள்.

அப்பா சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. இதையெல்லாம் யார் கண்ணிலும் படாமல் எழுதி வைத்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது?

16 நவம்பர், செவ்வாய்

 நான் வைத்த தேத்தண்ணீரை அப்பா வாசலில் ஊற்றிவிட்டார்.

20 நவம்பர், சனி

"ஏறு" என்றார் அப்பா. சைக்கிள் பின்னால் உட்கார்ந்தேன். மேடு ஏறும்போது திரும்பாமலே பேசினார்.

"கொல்லணும்னா பாராங் இருக்குல்ல மூலையில? ஒரு மொழம். ஒன் கத்தியவா நம்பியிருக்கேன்?"

நான் பாராங்கைப் பற்றி யோசிக்கவே இல்லை. தினமும் அதில்தான் விறகு பிளக்கிறோம்.

"அப்ப ஏன் அன்னிக்கி அப்படிச் சொன்னீங்க?"

"பயப்படட்டும்னு சொன்னேன்." கொஞ்ச தூரம் போனதும், "நீ பயப்படுவேன்னு நெனைக்கல" என்றார். மன்னிப்பு மாதிரி இல்லை. என்மேல் குற்றம் சொல்வது மாதிரிதான் இருந்தது. அவரை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.

கடையில் நானா கறுப்புக் கத்தியை வைத்தார். அப்பா அதைத் தொடவில்லை. "அவ பாக்கட்டும்." நான் ஆணிகளை எண்ணினேன். பிடியின் அடியில் இரும்பு தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது.

5 டிசம்பர், ஞாயிறு

மூன்று நாளாக மழை. ஆறு இரண்டாவது படிக்கு வந்துவிட்டது. இது மெழுகுவத்தி வெளிச்சம். டார்ச்சைத் தொடவில்லை.

மத்தியானம் மாமா தெப்பத்தை இழுத்து வந்து எங்கள் தூணில் கட்டினார். யாரையும் கேட்கவில்லை. அப்பா கத்தியோடு வெளியே போனார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா கத்தியை நடைப்பலகைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குனிந்து எடுத்து, கயிற்றில் மிச்சமாகத் தொங்கியதை அறுத்தார். ஒரே இழுப்பு. மறுபடியும் பலகைமேலேயே வைத்தார். "நல்ல இரும்பு" என்று பலகையிடம் சொன்னார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சற்று முன்பு பையைத் திறந்தேன். கத்தி உறையில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை மட்டும் தடித்திருந்தது. இங்கே யார் கேட்டார்கள், மாமா வீட்டில் யார் கொடுத்தார்கள், தெரியவில்லை.

பிறப்புப் பத்திரம் இப்போது ஆறு.